காட்டில் தீ வைத்தவர் யார்?

ஊரப்பாக்கத்தில் குடியிருப்போர்க்கு வண்டலூர்க் குன்றும் அதனைச் சூழ்ந்த காப்புக்காடும் அன்றாடம் கண்ணிற்படும் காட்சி. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் பசுமை போர்த்து நிற்கும் அக்குன்றுப்புறம், பங்குனி பிறந்ததும் வைக்கோல் நிறம் கொண்டுவிடுகிறது. அத்தகைய ஒரு கோடை நாளில் அஸர் தொழுகையை முடித்துக்கொண்டு நாம் பள்ளிவாசற்படியில் நின்றிருந்தபோது, தொலைவில் புதர்களுக்கிடையே புகை எழுந்தது. உடன் நின்றவர்களில் ஒருவர், "ஆடு மேய்ப்பவன் எவனாவது பீடித்துண்டை வீசியிருப்பான்" என்றார். மற்றொருவர், "அதெல்லாம் இல்லை, புதுப்புல் முளைக்கட்டும் என்று அவர்களே கொளுத்திவிடுவார்கள்" என்றார். நெருப்பு ஒரு மணி நேரத்திற்குள் தானாக அடங்கிற்று. அதை மூட்டியவரை யாரும் பார்க்கவில்லை. ஆயினும் செருப்பை மாட்டிக்கொள்ளும் நேரத்திற்குள் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

இந்தத் தீர்ப்பு நம் பள்ளிவாசற்படியில் பிறந்ததன்று. ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகளாக, சென்னையிலும் அல்ஜீரியாவிலும் சுமத்திராவிலும் காடு எரிந்தபோதெல்லாம் அது முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்டிருந்தது. அதன் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பது நம் வாசகர்க்குப் பயனுடையதாகும்.

முதலில் வறண்ட நிலத்துக் காடு எவ்வாறு எரிகிறதென்று பார்ப்போம். ஒரு தீக்குச்சி மட்டும் காட்டை எரிப்பதில்லை. மழைக்காலத்தில் செழித்த புல்லும், கோடையில் உதிர்ந்த சருகும், மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்த சுள்ளியும் எரிபொருளாய்க் குவிந்திருக்க வேண்டும். காற்றில் ஈரம் வற்றியிருக்க வேண்டும். அதன்பின் ஒரு பொறி போதும். பச்சை மரத்திலிருந்தே நெருப்பை உண்டாக்கிய வல்லமையை யாசீன் சூரா நமக்கு நினைவூட்டுகிறதன்றோ! மரமென்பது ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைத்த வெயில். மேலைநாடுகளில் மழையின்றி மின்னல் மட்டும் இறங்கி மூட்டும் தீ உண்டெனினும், நம் நாட்டுக் காட்டுத் தீயில் மிகப்பெரும்பகுதி மனிதர் கையால் மூள்வதே. மூங்கிலோடு மூங்கில் உராய்ந்து தீப்பிடித்ததாகப் பழம்புலவர் பாடிய செய்தி மெய்யாகவே நடந்திருந்தாலும் மிக அரிதாகவே நடந்திருக்கும். ஆகவே பொறியைக் குறித்து ஐயமில்லை, அது மனிதனுடையது. ஆனால் பொறி என்றும் உள்ளது. அது சில ஆண்டுகளில் சருகோடு அணைந்துபோவதும், வேறு சில ஆண்டுகளில் மலையையே விழுங்குவதும் ஏன் என்பதே கேள்வி.

செங்கற்பட்டு வட்டாரத்துக் காடு மூங்கிற்காடன்று. களா, காரை, சூரை, வெப்பாலை போன்ற குட்டை மரங்களும் முட்செடிகளும் அடர்ந்த புதர்க்காடு. இக்காட்டை ஊர்மக்கள் நெடுங்காலம் புழங்கிவந்தனர். ஆடும் மாடும் புல்லைக் குறைத்தன. பெண்கள் சுள்ளி பொறுக்கினர். உழவர் வயலுக்குத் தழை அறுத்தனர். இருளர் தேனும் மூலிகையும் கிழங்கும் எடுத்தனர். இவர்கள் அறிந்தோ அறியாமலோ ஒவ்வோர் ஆண்டும் எரிபொருளைக் காட்டிலிருந்து சுமந்து வெளியேற்றிக்கொண்டிருந்தனர். அளவு மீறியபோது காடு தேய்ந்தது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் மேய்ச்சலும் விறகும் குறைந்த இடத்தில் சருகு மிகும் என்ற எளிய கணக்கைப் பின்வந்த ஆட்சியாளர் போடவில்லை.

அந்த ஆட்சியாளரிலும் நல்லெண்ணம் படைத்தோர் இருந்தனர். சென்னையில் மருத்துவராய்ப் பணியாற்றிய எட்வர்டு பால்ஃபர் என்ற ஸ்காட்லாந்தியரை நம் சமுதாயம் நினைவுகூரக் காரணம் உண்டு. பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்ற அவர், சென்னையில் முகம்மதியர் பொது நூலகம் ஒன்று தோன்ற முன்னின்றவர். ஆர்க்காட்டு நவாபின் விலங்குகளைக் கேட்டுப் பெற்று அருங்காட்சியகத்தில் வைத்து, சென்னை விலங்குக்காட்சிச்சாலைக்கு வித்திட்டவரும் அவரே. அந்த விலங்குக்காட்சிச்சாலைதான் பின்னர் இடம்பெயர்ந்து, 1985ஆம் ஆண்டு முதல் வண்டலூர்க் காப்புக்காட்டில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவாக விளங்கி வருகிறது. ஆக, ஊரப்பாக்கத்தின் அண்டையில் புலி உறுமுவதற்கு ஒரு நவாபின் கொடையும் ஒரு காரணம்! பால்ஃபர் 1840களில் மரங்களுக்கும் மழைக்கும் உள்ள தொடர்பைக் குறித்து எழுதினார். காடழிந்தால் பஞ்சம் வரும் என்று எச்சரித்தார். இந்த அச்சமே அரசினரைக் காடுகளின் பக்கம் திருப்பியது. 1856இல் ஹியூ கிளெக்ஹார்ன் என்ற மற்றொரு மருத்துவர் சென்னை மாகாணத்தின் முதல் வனக் காப்பாளராக நியமிக்கப்பெற்றார்.

அதே 1856ஆம் ஆண்டு, ஜூலை முதல் நாள், இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னகத்தின் முதல் பயணியர் புகைவண்டி ஓடிற்று. தண்டவாளத்தின் கீழே கிடத்தும் கட்டைகளுக்கு மரம் வேண்டும். நிலக்கரி எளிதில் கிட்டாத காலத்தில் எஞ்சினுக்கு விறகு வேண்டும். விரிந்துவந்த சென்னை நகரத்து அடுப்புகளுக்கும் விறகு வேண்டும். அதற்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவை செங்கற்பட்டுக் காடுகள். கோவளம் தர்காவுக்கு ஜியாரத் செல்வோர் கடலோரம் நெடுகக் கண்ட சவுக்குத் தோப்புகளும் இந்த விறகுப் பசியின் பிள்ளைகளே. நம் நிக்காஹ் வீடுகளில் பிரியாணித் தேக்சாவின் அடியில் எரிவது பெரும்பாலும் அந்தச் சவுக்குதான். அதன் பூர்வீகத்தை யாரும் கேட்பதில்லை.

எஞ்சின் காட்டைத் தின்றுகொண்டிருந்தபோது, அறிக்கைகளில் குற்றவாளியாக முதன்மையாகக் குறிக்கப்பெற்றவர் மலையில் காடெரித்துப் பயிரிட்டவரும் கால்நடை மேய்த்தவருமே ஆவர். குமரி என்று அழைக்கப்பெற்ற காடெரி வேளாண்மையை அரசுக் காடுகளில் 1860இல் சென்னை அரசு தடுத்தது. ஆயினும் ஊர்க்காடுகளை முற்றாக எடுத்துக்கொள்ளும் துணிவு அன்றைய சென்னை அரசுக்கு உடனே வரவில்லை. இதனைப் பாராட்டத்தான் வேண்டும். ஊர்மக்களின் உரிமை ஏதேனும் படியாத காடு இம்மாகாணத்தில் அனேகமாக இல்லை என்று வருவாய் வாரியத்து ஆங்கிலேய அதிகாரிகளே வாதாடினர். 1878ஆம் ஆண்டின் இந்தியக் காட்டுச் சட்டத்தைச் சென்னை மாகாணம் ஏற்க மறுத்தது. ஆனால் எதிர்ப்பு நான்கு ஆண்டுகளே தாங்கியது. ஜெர்மானியக் காட்டியல் அறிஞர் டீட்ரிச் பிராண்டிஸ் சென்னைக்கு வந்தார். 1882இல் சென்னை வனச் சட்டம் பிறந்தது. தமிழ்நாடு வனச் சட்டம் என்ற பெயரில் அது இன்றளவும் நடைமுறையில் உள்ளது.

அச்சட்டத்தின்படி எல்லைக்கல் நட்ட காப்புக்காட்டில் தீ மூட்டுவதும், அத்துமீறி நுழைவதும், கால்நடையை மேய விடுவதும் ஒரே வரிசையில் நின்ற குற்றங்கள். நேற்றுவரை பாட்டன் மேய்த்த இடத்தில் இன்று பேரன் குற்றவாளியானான். எரிகிற காட்டைக் கண்டதும் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு ஓடிச்சென்று அடிக்கும் வழக்கம் ஊர்மக்களுக்கு இருந்தது. தன்னுடையதல்லாத காட்டை அணைக்கப் போய், தீ வைத்தவன் என்ற பழியோடு திரும்ப யார் விரும்புவர்? 1927ஆம் ஆண்டின் இந்தியக் காட்டுச் சட்டம் இன்னும் ஒரு படி சென்றது. வேண்டுமென்றோ பெரும் கவனக்குறைவாலோ தீ மூண்டதெனின், அந்தக் காட்டில் மேய்ச்சல் உரிமை உள்ளிட்ட அனைத்தையும் நிறுத்திவைக்க அதன் 26ஆம் பிரிவு அரசுக்கு அதிகாரம் அளித்தது. ஒருவன் செய்த பிழைக்கு ஓர் ஊரே பட்டினி கிடக்கலாம் என்பது அதன் பொருள்.

தீயே கூடாது என்ற கொள்கை அக்காலக் காட்டியலின் கலிமா போல் இருந்தது. 1860களில் மத்திய மாகாணத்துப் போரிக் காட்டில் தீயைத் தடுத்துக் காட்டி வெற்றி கண்டதாக அவர்கள் மகிழ்ந்தனர். ஆனால் காடு வேறு பாடம் சொல்லத் தொடங்கியது. பர்மாவில் பல ஆண்டுகள் தீப்படாமல் காத்த இடங்களில் தேக்கின் இளங்கன்றுகள் வேறு செடிகளின் நிழலில் மடிந்தன. பர்மாவில் தீத்தடுப்பு மிதமிஞ்சிப் போயிற்று என்ற கருத்தைத் தலைப்பிலேயே சொல்லும் கட்டுரையொன்றை 1896இல் ஸ்லேடு என்ற வன அதிகாரி அவர்களது ஏட்டிலேயே எழுதினார். அமெரிக்கரும் இதே வழியில் சென்று இதே முட்டில் நின்றனர். 1910இல் அங்கே முப்பது லட்சம் ஏக்கர் எரிந்தபின், எந்தத் தீயையும் மறுநாள் காலை பத்து மணிக்குள் அணைத்தாக வேண்டும் என்று 1935இல் விதி செய்தார்கள். சிறு தீயெல்லாம் அணைந்தது. சருகும் கட்டையும் குவிந்தன. 1970களில் அவ்விதியைக் கைவிட்டபோது காடுகள் வெடிமருந்துக் கிடங்குகளாய் இருந்தன. 2018 நவம்பரில் கலிபோர்னியாவில் பாரடைஸ் என்ற ஊரை ஏறத்தாழ முற்றிலும் அழித்து 85 உயிர்களைக் கொண்ட தீக்குப் பொறி தந்தது பழுதுபட்ட மின்கம்பி. அங்கே ஆட்டிடையன் எவனும் இல்லை.

நம் அண்டையிலும் இதற்குச் சான்று உண்டு. கர்நாடகத்துப் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர், தை மாசி மாதங்களில் சருகு சிறிதாய் இருக்கும்போதே அங்கங்கே இலேசாகக் கொளுத்திவிடுவர். ஈரம் முற்றும் காயாத அந்நாளில் தீ முழங்கால் உயரத்துக்கு மேல் எழாது, மரத்தைச் சுடாது. மலை சரணாலயமான பின் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. அதன்பின் உண்ணிச்செடி அம்மலையை வளைத்துக்கொண்டது. தீயை நிறுத்தியதே இதற்குக் காரணம் என்று சோலிகர் கூறுகின்றனர். ஆராய்ச்சியாளரில் ஒரு சாரார் அதனை ஏற்கின்றனர், வேறு காரணங்களும் உண்டென்பார் சிலர். ஒன்று மட்டும் உறுதி. உண்ணிச்செடி புதர் புதராய்க் காய்ந்து நிற்கும் காட்டில் தீ தரையோடு போவதில்லை, மரமேறுகிறது. 2019 பிப்ரவரியில் அருகிலுள்ள பந்திப்பூரில் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் எரிந்தபோது விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் நீர் சொரிய வேண்டியதாயிற்று.

இனி, முஸ்லிம்கள் பெரும்பான்மையினராய் வாழும் ஒரு நாட்டின் கதையைக் காண்போம். 1830இல் அல்ஜீரியாவுக்குள் புகுந்த பிரெஞ்சுக்காரர், தக்கைமரக் காடுகளைத் தம் கம்பெனிகளுக்கு அளித்தனர். மந்தை மேய்த்த கபீலாக்கள் காட்டுக்கு வெளியே தள்ளப்பட்டன. 1874ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு சட்டம் வந்தது. காடு எரிந்தால், குற்றவாளி பிடிபடாவிட்டாலும், அந்த வட்டாரத்துக் கபீலா முழுவதும் கூட்டாகத் தண்டம் கட்ட வேண்டும். சதி என்று அரசு கருதினால் நிலத்தையே பறிக்கலாம். 1881இல் கான்ஸ்டன்டைன் பகுதியில் பெருந்தீ மூண்டு, அவ்வாண்டில் சுமார் 1,69,000 ஹெக்டேர் எரிந்தது. அனற்காற்று வீசிய கோடை அது. ஆனால் காற்றை யார் தண்டிக்க முடியும்? தண்டம் அரபுக் குடிகளின் தலையில் விழுந்தது.

அந்நியன் வெளியேறினான், அவன் கற்பித்த ஐயம் வெளியேறவில்லை. 2021 ஆகஸ்டில் அதே அல்ஜீரியாவின் கபீலியா மலைகள் எரிந்தன. தீயணைக்கச் சென்ற இராணுவ வீரர்கள் உட்பட 90 பேர் அளவில் மாண்டனர். மிலியானா ஊரிலிருந்து ஓர் இளங்கலைஞர் தீயணைக்க உதவுவதற்காகத் தாமாகவே அங்கு சென்றார். வெளியூர்க்காரன், இவனே தீ வைத்தவன் என்று ஒரு கூட்டம் அவரைக் காவலரிடமிருந்து பிடுங்கி அடித்துக் கொன்றது. அவர் குற்றமற்றவர். அவருடைய தந்தை, மகனைப் பறிகொடுத்த அந்த நேரத்திலும், கபீலியரும் அரபியரும் சகோதரர்கள், பழிவாங்க எண்ணாதீர்கள் என்று நாட்டு மக்களை வேண்டிக்கொண்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உறவினர் உள்ள நம் குடும்பங்கள் 1997ஆம் ஆண்டுப் புகைமூட்டத்தை மறந்திரா. சுமத்திராவிலும் போர்னியோவிலும் எரிந்த காட்டின் புகை கடல் தாண்டி வந்து பகலை இருட்டாக்கியது. சரவாக்கில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. அங்கும் முதலில் கை நீட்டியது காடெரித்துப் பயிரிடும் ஏழைக் குடியானவனை நோக்கியே. ஆனால் இம்முறை வானிலிருந்து செயற்கைக்கோள் பார்த்துக்கொண்டிருந்தது. தீ எங்கே மூண்டதென்ற படங்கள் பெருந்தோட்டங்களின் எல்லைக்குள் விழுந்தன. இந்தோனேசிய அரசே 176 கம்பெனிகளின் பெயர்களை வெளியிட வேண்டியதாயிற்று.

காட்டைக் காக்க வேலி போடாமல் முடியுமா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வேலி இஸ்லாமிய வரலாற்றிலும் உண்டு. அதற்கு ஹிமா என்று பெயர். மதீனாவுக்கு அருகில் நகீஃ என்ற மேய்ச்சல் நிலத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பொதுக் கால்நடைகளுக்காக ஒதுக்கினார்கள். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சியில் ரபதாவையும் ஷரஃபையும் ஒதுக்கினார்கள். அங்கே காவலுக்கு அமர்த்திய ஹுனைய் என்பவருக்கு அவர்கள் இட்ட கட்டளை புகாரி ஷரீபில் பதிவாகியுள்ளது. அதன் சாரம் இது: மக்களிடம் மென்மையாய் நடந்துகொள், அநீதி இழைக்கப்பட்டவனின் துஆவுக்கு அஞ்சு, சில ஒட்டகமும் சில ஆடும் வைத்திருப்பவனை உள்ளே விடு, ஆனால் இப்னு அவ்ஃப், இப்னு அஃப்பான் ஆகியோரின் மந்தைகளை விடாதே. அவர்களுடைய கால்நடை செத்தால் அவர்களுக்குப் பேரீச்சந்தோப்பும் வயலும் இருக்கின்றன. ஏழையின் ஆடு செத்தால் அவன் பிள்ளைகளோடு என் வாசலில் வந்து நிற்பான்.

இவ்விரு பெயர்களும் எத்தகையோருடையவை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். இருவரும் சொர்க்கத்து நன்மாராயம் பெற்ற பதின்மரைச் சேர்ந்த செல்வர்கள். அவர்களுக்கே கதவை அடைத்து, பெயரில்லாத இடையனுக்குத் திறந்துவிட்டது அந்த வேலி. 1882ஆம் ஆண்டின் வேலி இதனைத் தலைகீழாக்கியது. விறகுக் குத்தகைக்காரர் வண்டிகளோடு உள்ளே சென்றார். ஆட்டிடையன் வெளியே நின்றான். அண்மையில் 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. சில நாட்களிலேயே அதனைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் என்ற அளவுக்குச் சுருக்கியது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் ஊராரின் பொதுக்காட்டைக் காக்கும் உரிமையை ஊராருக்கே தந்திருக்கிறது. ஏட்டில் தந்தது காட்டில் வந்து சேர நாளாகிறது. இருளரின் செய்தி ஓரளவு ஆறுதலானது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தால் பிழைப்பிழந்த அவர்கள், 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, மாமல்லபுரம் செல்லும் வழியில் வடநெம்மேலியில் பாம்பு நஞ்செடுத்து மருந்துக்கு வழங்கி வருகின்றனர். திருட்டு என்று சொல்லப்பட்ட அதே அறிவு உயிர்காக்கும் அறிவாயிற்று.

தமிழகத்தில் அண்மைக்காலத்தில் நிகழ்ந்த பெருங்கொடுமைக்கு வருவோம். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலை. சென்னையிலிருந்து பெரும்பாலும் இளம்பெண்களாக ஒரு குழு, ஈரோடு திருப்பூர்ப் பக்கத்திலிருந்து மற்றொரு குழு, கொழுக்குமலைக்கு ஏறி இரவு தங்கி இறங்கிக்கொண்டிருந்தனர். ஆள் உயரத்துக்குப் புல் காய்ந்து நின்ற சரிவு அது. சரிவு பத்துப் பாகை செங்குத்தானால் தீயின் மேலேறும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது தீயியல் கற்றோர் கணக்கு. கீழிருந்து வந்த நெருப்பு, பிற்பகற் காற்றோடு சேர்ந்து ஓடியோரை முந்திற்று. பள்ளத்தில் இறங்கினோர் புகையில் சிக்கினர். அன்றும் அடுத்த வாரங்களில் மருத்துவமனைகளிலுமாக 23 பேர் உயிர் நீத்தனர். பெரும்பாலோர் இருபது, முப்பது வயதினர்.

தீ வைத்தவர் யார் என்ற தேடல் அன்றிரவே தொடங்கிற்று. வயற்கழிவை எரித்த விவசாயி என்றார் சிலர். மலையேறியவர்களே அடுப்பு மூட்டினர் என்றார் சிலர். வழிகாட்டியாய்ச் சென்றவர் கைதானார். வனத்துறை ஊழியர் மீதும் நடவடிக்கை பாய்ந்தது. அதுல்ய மிஸ்ரா தலைமையில் அரசு விசாரணை நடத்திற்று. மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த அதே ஆண்டில் விதிகள் வந்தன. இவையெல்லாம் தேவையே. ஆனால் அந்தச் சரிவில் அத்தனை புல் ஏன் நின்றது, தீத்தடுப்புக் கோடுகளைக் கோடைக்கு முன் செதுக்கிச் சுத்தம் செய்ய ஆட்கள் எத்தனை பேர், மாசி பங்குனியில் அப்பாதையில் மக்களை விட்டது ஏன் என்ற கேள்விகள், பொறி வைத்தவனைப் பற்றிய கேள்வியின் அளவுக்கு உரக்க ஒலிக்கவில்லை.

மனித உயிர் போவதோடு தீயின் கணக்கு முடிவதில்லை. புல் ஒரே மழையில் திரும்பிவிடும். காண்போர் காடு மீண்டுவிட்டதென்று எண்ணுவர். திரும்பாதவை நாற்றுகளும், தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகளும், ஓடித் தப்ப முடியாத ஆமையும் நத்தையும். மூடுபுல் எரிந்த மண் முதல் மழையில் கரைந்து ஓடை வழியே ஏரியில் படிகிறது. ஏரிகளை நம்பி வாழ்ந்த செங்கற்பட்டு போன்ற மாவட்டத்துக்கு இது சிறு செய்தியன்று. எரிந்த இடத்தில் முதலில் குடியேறுவது உண்ணிச்செடியே. அடுத்த தீக்கு அதுவே விறகு. 2016 டிசம்பர் 12 அன்று வீசிய வர்தா புயலில் வண்டலூர்ப் பூங்காவில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்ததை நாம் கண்டோம். உலகின் வெம்மை கூடிவரும் இந்நாளில், புயல் சாய்ப்பதும் கோடை காய்ச்சுவதும் ஒன்றையொன்று தொடர்ந்து வருகின்றன.

குரங்கணியில் அன்று மாலை அதிகாரிகளும் கமாண்டோக்களும் ஹெலிகாப்டர்களும் வந்து சேருமுன் மேலே ஏறியவர்கள் அந்த ஊர்மக்களே. எந்தச் சரிவு எங்கே இறங்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். போர்வையைத் தொட்டிலாகக் கட்டி, வெந்த உடல்களை இருட்டில் தோளில் சுமந்து இறக்கினார்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தின் நாற்பது பாதைகளில் குரங்கணியிலிருந்து சாம்பலாறு செல்லும் பாதையும் ஒன்று. அப்பாதைகளில் முன்னே நடந்து வழிகாட்டும் பணி, சீருடையும் ஊதியமும் தந்து, அந்தந்த மலையடிவாரத்து இளைஞர்களிடமே ஒப்படைக்கப்பட்டுள்ளது.